ஸ்டார் ட்ரெக்கைச் சிரிப்பில் தொடங்குவதென்றால் எந்த எபிசோட்?

“ஒன்றே ஒன்று போட்டுக் காட்டு, பிடித்தால் மேலே பார்க்கிறேன்.” பழைய ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்கள் எல்லோரும் எப்போதாவது ஒரு நண்பரிடமிருந்தோ வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தோ இதைக் கேட்டிருப்பார்கள். கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும். அடுத்த நிமிடம் வயிற்றைக் கலக்கும். 1966 செப்டம்பர் 8இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1969 ஜூன் 3இல் முடிந்த விண்வெளித் தொடர் இது. மூன்று சீசன், 79 எபிசோட். அதில் ஒன்று, ஐம்பதே நிமிடம். தப்பானதைப் போட்டுவிட்டால் அந்த ஆளை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

ஒளிபரப்பான வரிசையிலேயே போகலாமே என்று சிலர் சொல்வார்கள். முதலில் வந்தது ‘தி மேன் ட்ராப்’. மனித உடம்பிலிருக்கும் உப்பை உறிஞ்சிக் கொல்லும் ஒரு ஜந்துவைப் பற்றிய கதை. மோசமில்லை, ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஸ்டார் ட்ரெக்கை வாராவாரம் பேய் வரும் சீரியல் என்று நினைத்துக்கொண்டால் அவர்மேல் தப்பில்லை. பாத்திரங்களும் அப்போது முழுசாக உருவாகியிருக்கவில்லை. இன்னொரு கூட்டம் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ என்று அடித்துச் சொல்லும். 1967 ஏப்ரலில் வந்த அதுதான் தொடரின் ஆகச்சிறந்த எபிசோட் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதன் கடைசிக் காட்சியில் கதாநாயகன் கேப்டன் கிர்க் எதை இழக்கிறார் என்பது அவரை ஏற்கனவே தெரிந்தவருக்குத்தான் முழுதாக வலிக்கும். அதை முதல் நாளே செலவழித்துவிடக் கூடாது.

அதனால் நான் சிரிப்புக் கட்சி. காரணம் கொஞ்சம் நடைமுறை சார்ந்தது. அறுபதுகளின் பட்ஜெட்டில் எடுத்த தொடர் இது. பாறைகள் லேசாக ஆடும், வேற்றுக்கிரக வானம் சுவரில் அடித்த பெயின்ட் மாதிரியே இருக்கும். சீரியசான காட்சியில் புதியவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டால் காட்சி அங்கேயே செத்துப்போகும். நகைச்சுவை எபிசோடில் அந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அங்கே ஏற்கனவே சிரித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

சரி, எந்தச் சிரிப்பு? போட்டியில் நான்கு இருக்கின்றன: ‘ஷோர் லீவ்’, ‘ஐ, மட்’, ‘எ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்’, ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’. ரசிகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் கடைசி இரண்டுக்குள்தான். முதல் இரண்டையும் சீக்கிரம் பார்த்துவிட்டு அங்கே போவோம்.

‘ஷோர் லீவ்’ 1966 டிசம்பர் 29இல் வந்தது. எழுதியவர் தியோடர் ஸ்டர்ஜன், அறிவியல் புனைகதை உலகில் அப்போதே பெரிய பெயர். மூன்று மாதமாக ஓய்வில்லாமல் அலைந்த என்டர்பிரைஸ் விண்கப்பலின் ஆட்கள் விடுமுறைக்கு ஓர் அழகான கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே யார் எதை நினைக்கிறார்களோ அது அப்படியே எதிரே வந்து நிற்கிறது. டாக்டர் மெக்காய் முன்னால் கோட்டு போட்ட வெள்ளை முயல் ஒன்று நேரமாகிவிட்டது என்று ஓடுகிறது. கப்பல் அதிகாரி சூலுவுக்குப் பழைய கைத்துப்பாக்கி கிடைக்கிறது, அப்புறம் வாளோடு ஒரு சாமுராய் துரத்துகிறான்.

இதன் முதல் சில நிமிடங்கள் தங்கம். விடுமுறையே வேண்டாம் என்று கப்பலிலேயே உட்கார்ந்திருக்கிறார் கிர்க். அவருக்கு அடுத்த அதிகாரியும் உணர்ச்சியே காட்டாத பாதி வேற்றுக்கிரகவாசியுமான ஸ்பாக் வந்து, கப்பலில் ஒருவர் களைத்துப்போய் எரிச்சலாக இருக்கிறார், வேலைத்திறன் குறைந்திருக்கிறது, ஆனால் விடுமுறையை மறுக்கிறார் என்று அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்கிறார். மறுப்பது அவருடைய உரிமைதான், ஆனால் கப்பலின் நலனை முன்னிட்டு அவர் இறங்கியே ஆகவேண்டும், யார் அது என்று கிர்க் கேட்க, ஸ்பாக் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கிர்க்கின் பெயரையே சொல்கிறார். இருவருக்கும் உள்ள உறவு முழுவதும் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

ஆனால் கிரகத்தில் இறங்கியதும் கதை ஓட ஆரம்பிக்கிறது. கால்களால் ஓடுகிறது என்று சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் புதர்க்காட்டிலும் வாஸ்கெஸ் பாறைகளிலும் எல்லோரும் மாறிமாறி ஓடுகிறார்கள். தன்னைக் கல்லூரியில் சீண்டிக்கொண்டிருந்த ஃபின்னகனோடு கிர்க் போடும் சண்டை முடியவே முடியாதோ என்று தோன்றும். நடுவில் மெக்காயை ஒரு குதிரைவீரன் ஈட்டியால் குத்திச் சாய்த்துவிடுகிறான். அவர் பிழைத்து வருவார் என்றாலும், சிரிப்பதா பயப்படுவதா என்று புதியவருக்குக் குழப்பம். கப்பலும் விண்வெளியும் பார்க்க வந்தவருக்கு ஐம்பது நிமிடத்தில் பெரும்பகுதி பூங்காவும் பாறையும்தான். முதலாவதாக இது வேண்டாம்.

‘ஐ, மட்’ (1967 நவம்பர் 3) இன்னும் கலகலப்பு. ஹாரி மட் என்ற விண்வெளி மோசடிப் பேர்வழியாக ரோஜர் சி. கார்மெல் நடித்திருக்கிறார். தொப்பை, பெரிய மீசை, வாயைத் திறந்தால் புளுகு. மனிதர்களைப் போலவே இருக்கும் ஆண்ட்ராய்டுகளின் கிரகத்துக்கு அவர் ராஜாவாகிவிட்டார். ஆனால் அந்தக் குடிமக்கள் அவரை வெளியே விடுவதில்லை. ஒரே முகம் பல பேருக்கு இருக்க வேண்டும் என்பதற்காக நிஜமான இரட்டையர்களைத் தேடிப்பிடித்து நடிக்க வைத்தார்கள். தந்திரக் காட்சியைக் குறைத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம்.

தப்பிப்பதற்காகக் கிர்க்கும் கூட்டமும் செய்யும் கோமாளித்தனங்கள்தான் எபிசோடின் உச்சம். அதில் ஸ்பாக்கின் பங்கு மட்டும் போதும் என்பேன். ஒரே மாதிரியான இரண்டு ஆண்ட்ராய்டு பெண்களில் ஒருத்தியைப் பார்த்து உன்னைக் காதலிக்கிறேன் என்கிறார், அடுத்தவளிடம் உன்னை வெறுக்கிறேன் என்கிறார். நான் அவளைப் போலவேதானே இருக்கிறேன் என்று அவள் குழம்ப, அதனால்தான் வெறுக்கிறேன் என்று பதில் வருகிறது. அவளுடைய தலைக்குள் இருக்கும் இயந்திரம் நின்றுபோகிறது. கடைசியில் தலைமை ஆண்ட்ராய்டு நார்மனை வீழ்த்துவது கிரேக்கர் காலத்துப் பொய்யன் முரண். மட் சொல்வதெல்லாம் பொய் என்று கிர்க் சொல்லி முடிக்கிறார், நான் பொய் சொல்கிறேன் என்கிறார் மட். நார்மன் தலையிலிருந்து புகை வருகிறது.

இவ்வளவும் இருந்தும் முதலாவதாகப் போடத் தயக்கம் ஏன்? ஒன்று, அதன் நகைச்சுவையில் பாதி, நச்சரிக்கும் மனைவி, ஏவியதைச் செய்யும் அழகிகள் என்ற அந்தக் காலத்துச் சரக்கு. மட்டின் மனைவி ஸ்டெல்லாவை ஆண்ட்ராய்டாகச் செய்து அலமாரியில் வைத்திருக்கிறார், வாயை மூடு என்று சொல்லும் சுகத்துக்காக. இன்று இருபது வயதில் இருக்கும் ஒருத்திக்கு இதைப் போட்டுக் காட்டினால் நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெளிய வேண்டியிருக்கும். இரண்டு, மட் ஏற்கனவே முதல் சீசனில் வந்த ஆள். தெரிந்தவர் திரும்பி வந்ததில் கிடைக்கும் சிரிப்பு புதியவருக்குக் கிடைக்காது.

இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த எபிசோடை எடைபோட அதுதான் படிக்கல்.

‘எ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்’ 1968 ஜனவரி 12இல் வந்தது. எழுதியவர்கள் டேவிட் பி. ஹார்மனும் ஜீன் எல். கூனும். நூறு வருடத்துக்கு முன்னால் ஹொரைசன் என்ற கப்பல் ஒரு கிரகத்துக்குப் போயிருக்கிறது. அங்குள்ளவர்கள் படு புத்திசாலிகள், பார்த்ததை அப்படியே பின்பற்றுகிறவர்கள். கப்பல் விட்டுவிட்டு வந்தது 1920களின் சிகாகோ ரவுடிக் கும்பல்களைப் பற்றிய ஒரு புத்தகம். நூறு வருடம் கழித்து என்டர்பிரைஸ் போய்ப் பார்த்தால் அந்தப் புத்தகம் அங்கே வேதமாகிவிட்டது. கோடுபோட்ட கோட்டு, தொப்பி, டாமி கன், ஏரியா பிரித்துக்கொண்ட தாதாக்கள். ஊர் முழுக்க இப்படித்தான். (தயாரிப்பாளர்களுக்கு லாபம்: ஸ்டுடியோவிலேயே நகரத்தெரு செட் தயாராக இருந்தது, துணிமணியும் இருந்தது.)

சிரிப்பை மட்டும் அளந்தால் நான்கிலும் இதுதான் முதல். காவலாளிகளைத் திசைதிருப்ப கிர்க் அந்த இடத்திலேயே கண்டுபிடிக்கும் ஃபிஸ்பின் சீட்டாட்டம் ஒன்று போதும். எல்லோருக்கும் ஆறு சீட்டு, ஆனால் போடுகிறவருக்கு வலப்பக்கம் இருப்பவருக்கு ஏழு. இரண்டாவது சீட்டைத் திருப்பி வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை தவிர. இரண்டு ஜாக்கி வந்தால் அரை ஃபிஸ்பின், மூன்றாவது வந்துவிட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே. ராஜாவும் இரண்டும் வந்தால் நல்லது, ஆனால் ராத்திரியில் ராணியும் நாலும்தான் வேண்டும். விதிகளை அடுக்கிக்கொண்டே போகும்போது, கிர்க்காக நடிக்கும் வில்லியம் ஷாட்னரின் முகத்தைப் பாருங்கள். அடுத்த விதி என்ன என்று அவருக்கே தெரியாது, ஆனால் எதிரே இருப்பவனுக்குப் புரியாததுதான் அதிசயம் என்பதுபோல ஒரு பொறுமை. ரவுடியும் பாவம், தனக்குக் கைவந்துவிட்டது என்று நம்பத் தொடங்குகிறான்.

அப்புறம் அந்தக் கார். விண்கப்பலை ஓட்டுகிற கேப்டனுக்குக் கிளட்ச் எது என்று தெரியவில்லை. வண்டி முதலில் பின்பக்கமாகப் பாய்கிறது. கப்பல் தளபதியாக நீங்கள் பிரமாதம், டாக்ஸி டிரைவராகத்தான் கொஞ்சம் போதாது என்ற அர்த்தத்தில் ஸ்பாக் ஒரு சான்றிதழ் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே ஸ்பாக் கோடுபோட்ட கோட்டில், தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ரவுடி பாஷையில் மிரட்டுகிறார்.

பிரச்சினையே இங்கேதான். எப்போதும் கண்டிப்பாக இருக்கும் கணக்கு வாத்தியார் பள்ளி ஆண்டு விழாவில் பபூன் வேஷம் கட்டி மேடையேறினால் அவரிடம் படித்த பையன்கள்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்கு அது யாரோ ஒரு பபூன். ஸ்பாக் ரவுடி பாஷை பேசுவதில் உள்ள சுகம் அதற்கு முன்னால் நாற்பது எபிசோடாக அவர் எப்படிப் பேசினார் என்பதில் இருக்கிறது. கிர்க்கும் அப்படியே. அவர் எவ்வளவு கறாரான தளபதி என்று பார்க்காதவருக்கு, மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டு தாதாவாக உட்காரும் கிர்க் சாதாரணமாகத்தான் தெரிவார். முதல் எபிசோடாக இதைப் பார்த்த ஒருவர், இந்த ஸ்பாக் என்பவர் காமெடியனா என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

நம் ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த எபிசோட் கிண்டல் செய்வது பழைய ஹாலிவுட் ரவுடிப் படங்களின் பேச்சையும் நடையையும். அந்தப் படங்களின் வாசனையே இல்லாமல் சப்டைட்டிலில் ஓட்டிப் பார்க்கிறவருக்குப் பாதி சிரிப்பு கைநழுவும். கதை புரியும், அடி புரியும், உச்சரிப்பு புரியாது.

கதையின் முடிவு மட்டும் யாருக்கும் பிடிக்கும். சண்டையிடும் தாதாக்களை ஒன்றுசேர்த்து, எங்கள் கிரகங்களின் கூட்டமைப்பான ஃபெடரேஷன் இனி உங்கள் பெரிய தாதா, வருடாவருடம் எங்கள் பங்கு நாற்பது சதவீதம் என்று சொல்லிவிட்டு வருகிறார் கிர்க். பங்கை வசூலிக்க வருடாவருடம் ஒரு கப்பலை அனுப்புவதை மேலிடத்தில் எப்படி விளக்குவீர்கள் என்று ஸ்பாக் கேட்கிறார். நியாயமான கேள்வி. பிற நாகரிகங்களில் தலையிடக் கூடாது என்ற தங்கள் சட்டத்தையே கிர்க் இங்கே மாமூல் வசூலாக மாற்றிவிடுகிறார். இந்தக் குறும்பும், அந்தச் சட்டத்துக்காக அவர்கள் ரத்தம் சிந்திய எபிசோடைப் பார்த்தவருக்குத்தான் முழுசாக ருசிக்கும்.

இப்போது ட்ரிபிள்ஸ். 1967 டிசம்பர் 29, ‘ஷோர் லீவ்’ வந்து சரியாக ஒரு வருடம். எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது 23 வயது, தொழில்முறையாக அவர் விற்ற முதல் கதை. ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் விட்ட முயல்கள் கண்டத்தையே மேய்ந்து தீர்த்த வரலாறு அவர் மனதில் இருந்தது. ஆபத்து எப்போதும் பல்லும் நகமுமாகத்தான் வரவேண்டுமா, கொஞ்சத் தோன்றும் உருவத்தில் வந்தால் என்ன என்பதுதான் கதையின் வித்து.

இது ஏன் முதல் எபிசோடாகப் பொருந்துகிறது என்றால், இங்கே யாரும் வேஷம் போடவில்லை. எல்லோரும் அவரவராகவே இருக்கிறார்கள், சிரிப்பு அதிலிருந்து வருகிறது.

கே-7 என்ற விண்வெளி நிலையத்திலிருந்து உச்சபட்ச அவசர அழைப்பு வருகிறது. போர்க்கோலத்தில் பாய்ந்து போனால் அங்கே ஒரு சண்டையும் இல்லை. நில்ஸ் பாரிஸ் என்ற அதிகாரிக்குத் தன் தானியக் கிடங்குக்குக் காவல் வேண்டும், அவ்வளவுதான். கிர்க்கின் கோபம், ஸ்பாக்கின் நிதானம், அரசு அலுவலகத்து அதிகாரத் தோரணை எல்லாமே முதல் ஐந்து நிமிடத்தில் அறிமுகமாகிவிடுகின்றன. அந்தத் தானியம் ஏன் முக்கியம் என்பதற்குள் ஃபெடரேஷனும் அதன் எதிரி இனமான க்ளிங்கான்களும் ஒரு கிரகத்துக்காகப் போட்டியிடும் அரசியல் வந்துவிடுகிறது. கிரகத்தை யார் நன்றாக வளர்க்க முடியும் என்று நிரூபிக்கிறார்களோ அவர்களுக்கே அது என்பது ஒப்பந்தம். அங்கே விளையக்கூடிய ஒரே பூமித் தானியம் இதுதான். தானியத்தின் மூலப்பயிரான ட்ரிடிகேல் கற்பனை இல்லை. கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் கலந்த ஒட்டுரகம், கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகம் 1950களிலேயே அதில் வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்பாக் கனடாவைக் குறிப்பிட்டுச் சொல்கிறார், கப்பலின் ரஷ்ய இளைஞர் செக்கோவ் அது ரஷ்யக் கண்டுபிடிப்பு என்று சாதிக்கிறார். செக்கோவ் என்றால் யார் என்பது அந்த ஒரு வரியில் முடிந்தது. (சூலுவை இதில் தேடாதீர்கள். அவராக நடித்த ஜார்ஜ் டகேய் அப்போது வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். அதனால் செக்கோவுக்கு வேலை கூடியது.)

நடுவே சிரானோ ஜோன்ஸ் என்ற நாடோடி வியாபாரி, கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவுக்கு ஒரு ட்ரிபிளை இலவசமாகக் கொடுக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் ரோமப் பந்து. முகமில்லை, காலில்லை, தடவினால் பூனை மாதிரி ஒரு சத்தம். கப்பலுக்கு வந்ததும் குட்டி போடத் தொடங்குகிறது. பிறக்கும்போதே சூலோடு பிறக்கின்றன போலிருக்கிறது என்கிறார் மெக்காய். ஸ்பாக் கையில் ஒன்றை வைத்துத் தடவிக்கொண்டே இதன் மயக்கம் எனக்கு ஒன்றும் ஏறாது என்கிறார். கை மட்டும் நிற்பதில்லை. ஸ்பாக்கைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் இந்தக் காட்சி வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். உணர்ச்சியில்லை என்று சொல்லிக்கொள்கிற ஒருவரின் கை என்ன செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

என்னைக் கேட்டால் இந்த எபிசோடின் சிகரம் ட்ரிபிள்கள் இல்லை, கப்பலின் எஞ்சினியர் ஸ்காட்டி. நிலையத்து மதுக்கடையில் ஒரு க்ளிங்கான் கிர்க்கைத் திட்டத் தொடங்குகிறான். சர்வாதிகாரி என்கிறான், இன்னும் என்னென்னவோ சொல்கிறான். செக்கோவ் துள்ளுகிறார், ஸ்காட்டி அவரை இழுத்து உட்கார வைக்கிறார். பேச்சுத்தானே, விடு. அப்புறம் அவன் என்டர்பிரைஸைக் குப்பை அள்ளும் கப்பல் என்கிறான். ஸ்காட்டி நிதானமாக எழுந்து ஓங்கி ஒன்று விடுகிறார்.

அதைவிட நன்றாக இருப்பது அடுத்து வரும் விசாரணை. கிர்க் ஆட்களை வரிசையாக நிறுத்தி, முதல் அடி யார் அடித்தது என்று கேட்கிறார். ஸ்காட்டி ஒப்புக்கொள்கிறார். என்னைத் திட்டினானா, அப்போது அடித்தாயா? இல்லை, ஐயா. இன்னும் திட்டினானா? திட்டினான், ஐயா. அப்போதா? அப்போதும் இல்லை. கப்பலைச் சொன்னபோதுதான். கிர்க்கின் முகத்தில் கோபத்துக்கும் மனக்குறைக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஓடுகிறது. என்னைச் சொன்னதற்கு இல்லை, கப்பலைச் சொன்னதற்கா என்று மறுபடி கேட்கிறார். ஸ்காட்டி மிக மரியாதையாக, அது மானப் பிரச்சினை ஆயிற்றே என்கிறார். தண்டனையாக அறையிலேயே அடைந்து கிடக்கச் சொன்னதும், தொழில்நுட்பப் பத்திரிகைகளைப் படிக்க நேரம் கிடைத்ததே என்று அவர் முகம் மலர்கிறது. இந்த மூன்று நிமிடத்தைப் பார்த்த புதியவருக்கு ஸ்காட்டியைப் பற்றி இனி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் எல்லோரும் அறிந்த அந்தக் கிடங்கு. தலைக்கு மேலிருக்கும் கதவைக் கிர்க் திறக்கிறார், ட்ரிபிள்கள் அருவியாகக் கொட்டி அவரை நெஞ்சுவரை மூடுகின்றன. எவ்வளவு இருக்கும் என்றால் ஸ்பாக் கொடுக்கும் எண் 17,71,561. சும்மா அடித்துவிட்ட எண் இல்லை. ஒரு ட்ரிபிள், சராசரி பத்துக் குட்டி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள். அதாவது ஒவ்வொரு முறையும் பதினொன்றால் பெருக்க வேண்டும்: 11, 121, 1,331, 14,641, 1,61,051, ஆறாவது முறை 17,71,561. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் போட்டுக் காட்டினால் இங்கே நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தைக் கொடுங்கள்.

படப்பிடிப்பில் இருந்தவை சுமார் ஐநூறுதான், ஒவ்வொன்றும் கையால் தைத்தது. கிடங்குக்குள்ளிருந்து உதவியாளர்கள் அவற்றை எறிந்துகொண்டிருந்தார்கள், காட்சி முடிந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் ஷாட்னர் சீரியசாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தலையில் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று விழுந்துகொண்டே இருக்கிறது. அவர் அசராமல் வசனத்தைத் தொடர்கிறார். திட்டமிட்டு எடுத்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்காது.

சிரிப்புக்கு நடுவே கதையும் விடாமல் நகர்கிறது. கிடங்கில் கிடந்த ட்ரிபிள்களில் பெரும்பாலானவை செத்துக் கிடக்கின்றன. தானியத்தில் யாரோ நஞ்சு கலந்திருக்கிறார்கள், வயிறு நிறையத் தின்றும் சத்து சேராமல் பட்டினியில் செத்திருக்கின்றன. அந்தக் கிரகத்தில் குடியேறப் போகிறவர்களுக்கு நேர்ந்திருக்க வேண்டியது அது. இந்தத் திருப்பம் ‘ஐ, மட்’டிலோ ‘ஷோர் லீவி’லோ கிடையாது. வேடிக்கையாகப் பார்த்த ரோமப் பந்துதான் துப்பும் கொடுக்கிறது, குற்றவாளியையும் காட்டிக்கொடுக்கிறது. மனிதர்களிடம் குழையும் ட்ரிபிள்கள் க்ளிங்கான்களைக் கண்டால் கிறீச்சிடும். பாரிஸின் உதவியாளர் டார்வினைக் கண்டும் கிறீச்சிடுகின்றன.

குறை இல்லாமல் இல்லை. முதல் பாதியில் வேகம் கொஞ்சம் குறைவு. கடைசியில் ட்ரிபிள்கள் என்ன ஆயின என்று கேட்கும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும் விளையாட்டு இழுவை. தீர்வும் யோசித்துப் பார்த்தால் சங்கடம்தான். விண்வெளியில் தள்ளிவிட்டாயா என்று கிர்க் பதற, அது இரக்கமில்லாத செயல் ஆயிற்றே என்று நொந்துகொள்ளும் ஸ்காட்டி, எல்லாவற்றையும் க்ளிங்கான் கப்பலின் எஞ்சின் அறைக்கு அனுப்பியிருக்கிறார். க்ளிங்கான்கள் அவற்றை மடியில் வைத்துக் கொஞ்சவா போகிறார்கள்? எல்லோரும் சிரிப்பதோடு எபிசோட் முடிகிறது. ரசிகர்களில் ஒரு சாரார் இதை ஸ்டார் ட்ரெக்கே இல்லை என்று ஒதுக்குவதுண்டு. கேலிக்கூத்தாகிவிட்டதாம். ஆனால் 1968இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் நாடகப் பிரிவில் போட்டியிட்ட ஐந்தும் ஸ்டார் ட்ரெக் எபிசோட்கள்தான், அதில் இதுவும் ஒன்று. ‘சிட்டி’யிடம் தோற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதை முதலில் பார்ப்பதில் பிற்பாடு ஒரு வட்டியும் உண்டு. 1973இல் கார்ட்டூன் தொடரில் ஜெரால்டே இதற்குத் தொடர்ச்சி எழுதினார். 1996 நவம்பரில், ஸ்டார் ட்ரெக்கின் முப்பதாவது ஆண்டுக்காக, பிற்பாடு வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடரின் ஆட்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் இதே எபிசோடுக்குள் நுழைகிறார்கள். 1967 படச்சுருளிலேயே கணினி உதவியால் புதிய நடிகர்களைச் சேர்த்திருக்கிறார்கள். கிர்க் தலையில் ட்ரிபிள்கள் ஏன் விழுந்துகொண்டே இருந்தன என்பதற்கு அதில் காரணம் கிடைத்துவிடுகிறது. கிடங்குக்குள் சிஸ்கோவும் டாக்ஸும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுக் கீழே எறிந்துகொண்டிருந்தார்களாம். டார்வினாக நடித்த சார்லி பிரில், முப்பது வருடம் மூத்தவராக, அதே பாத்திரத்தில் வருகிறார்.

ஆக என் ஓட்டு ட்ரிபிள்ஸுக்கு. விதிவிலக்கு இரண்டு உண்டு. பழைய ஆங்கில ரவுடிப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவராக இருந்தால், நான் மேலே சொன்னதெல்லாம் போகட்டும், ‘எ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷ’னையே போடுங்கள், கார் காட்சியில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். சிரிப்பே பிடிக்காத, அறிவியல் புனைகதை என்றால் கனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இந்த நான்கும் வேண்டாம். ‘தி டூம்ஸ்டே மெஷின்’ போடுங்கள்.

மற்றவர்களுக்கு வரிசை இப்படி: முதலில் ட்ரிபிள்ஸ், அடுத்து ‘டூம்ஸ்டே மெஷின்’, அப்புறம் ‘சிட்டி’. கிர்க்கும் ஸ்பாக்கும் எப்படிப்பட்டவர்கள் என்று இந்த மூன்றில் பிடிபட்டதும் நாலாவதாகச் சிகாகோ ரவுடிகளை இறக்குங்கள். ப்ளூ-ரேயில் பார்ப்பதாக இருந்தால் பழைய எஃபெக்ட்ஸா, 2006இல் தொடங்கிப் புதிதாகச் செய்த கணினி எஃபெக்ட்ஸா என்று தேர்வு கேட்கும். பழையதில் க்ளிங்கான் கப்பலையே காட்டியிருக்க மாட்டார்கள், அப்போது அதற்கு மாடல் தயாராகவில்லை. புதியதில் அது நிலையத்தின் பக்கத்தில் நிற்கும். புதியவருக்குப் புதியதையே போடுங்கள். பழையதை நீங்கள் தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.